தேளின் மேல் நிலா

"சுபி... சுபி, கேக்கா? ஓவர்."

வயர்லெஸ் பெட்டியிலிருந்து வந்த குரலை மழை பாதி தின்றுவிட்டிருந்தது. சுபிதா மைக்கைப் பறித்தாள்.

"கேக்கு அண்ணே. சொல்லு."

"முன் நங்கூரம் அறுந்துட்டு. பின்னால இருக்க ஒத்தச் சங்கிலியிலதான் பார்ஜ் நிக்கி. அது போச்சுன்னா நேரா பாறையிலதான் போய் அடிக்கும். தீவுக்குள்ள ஏறலாம்னா இடுப்பளவு தண்ணி ஓடுது. ரங்கத் பயலுவ அஞ்சு பேரும் என் மூஞ்சியவே பாத்துட்டு இருக்கானுவ. மொதலாளி என்னதான் சொல்லுதாரு?"

சுபிதா திரும்பி, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். ஜெகநாதன் இட்லி வருவதற்காகக் காத்திருந்தார்.

"கேட்டுட்டுச் சொல்லுதேன். சங்கிலியப் பாத்துக்கோ அண்ணே."

தீவுத் தலைநகரின் ஜங்லிகாட்டில், மீன்பிடி ஜெட்டியைப் பார்த்தபடி மாடியில் இருந்தது ஜெகநாதன் மரைன் ஒர்க்ஸ். தெற்கே, மணலும் நாலு தென்னையும் மட்டுமே உள்ள ஒரு தீவில் படகுத்துறை கட்டுகிற கான்ட்ராக்ட் அவர்களுடையது. கிரேன் ஏற்றிய பார்ஜ், எஞ்சின் இல்லாத தட்டைப் படகு, அங்கே கிடந்தது. அதன் மேல் ரங்கத் ஊரிலிருந்து வந்த ஐந்து தொழிலாளிகளும், சூப்பர்வைசர் ஜோஸ்வாவும். ஜோஸ்வா சுபிதாவின் கூடப்பிறந்த அண்ணன்.

புயல் சின்னம் வலுத்துக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிடும். ஏறிவிட்டால் ஒரு தோணிகூட வெளியே போக முடியாது. போகக்கூடிய படகு கீழேயே நின்றது, டீசல் நிரப்பி, எஞ்சின் சூடாக. ஸ்ராங் முனியாண்டி, அதாவது அந்தப் படகை ஓட்டுகிறவர், விடியற்காலையிலிருந்து ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்.

அந்த வார்த்தை ஜெகநாதனின் வாயில் இருந்தது. வாய்க்குப் பூட்டு அவருடைய மணிக்கட்டில்.

"சார், ஒரு நங்கூரம் போயிருச்சு."

"கேட்டுச்சும்மா. எனக்குக் காது இருக்கு." அவர் இடது கையை நீட்டினார். "நீயே பாரு. நான் என்ன வேணும்னேவா சொல்றேன்?"

பார்க்கத்தான் வேண்டும். பார்க்காமல் இருக்க முடியாத பொருள் அது. ஜெனீவாவில் சொல்லிச் செய்த கைக்கடிகாரம். முகப்பில் மணி காட்டும் முட்கள் ஏதோ போனால் போகிறது என்பது போல ஓரமாகக் கிடந்தன. நடுவில் இரவு வானத்தின் நீலம். ஒரு தங்கப் பொட்டு சூரியன். ஒரு முத்து நிலா. சுற்றிலும் பன்னிரண்டு ராசிகளின் உருவங்கள். அந்த முத்து மாதத்துக்கு ஒரு தடவை எல்லா ராசிகளையும் சுற்றிவரும். ஒரு பாதி வெள்ளை, மறு பாதி கறுப்பு என்பதால், ஓடும்போதே திரும்பித் திரும்பி வளரும், தேயும். அந்தப் பன்னிரண்டில் விருச்சிகத்துத் தேளுக்கு மட்டும் சிவப்பு. அது ஜெகநாதன் தனியாகச் சொல்லிப் போடவைத்தது. அவருக்கு மேஷ ராசி. மேஷத்துக்கு எட்டாமிடம் விருச்சிகம்.

நிலா சிவப்பில் நின்றால் அவருக்குச் சந்திராஷ்டமம். செக்கில் கையெழுத்துக் கிடையாது, ஆள் எடுப்பது கிடையாது, படகு விடுவது கிடையாது. கடிகாரம் வந்து இறங்கிய அன்றே ஆபீஸ் சுவரில் இருந்த தினசரிக் காலண்டரைக் கழற்றச் சொல்லிவிட்டார். 'இனி இதுதான் காலண்டர்' என்று கையைத் தூக்கிக் காட்டினார்.

இப்போது முத்து தேளின் முதுகில் உட்கார்ந்திருந்தது.

"போன வருஷம் மீறினேன்மா. என்ன ஆச்சு? மண் அள்ளுற ட்ரெட்ஜர் முழுகிருச்சு. எனக்கு நேரம் சரியில்லாதப்ப நான் அனுப்புற போட்டு கடல்ல கவிழ்ந்தா, உன் அண்ணனோட சேத்து முனியாண்டியும் போவான். அந்தப் பாவம் எனக்கு வேணுமா? நாளைக்கு நிலா வெளிய வந்துரும். நானே ஜெட்டிக்கு வந்து கயிறை அவுத்து விடுறேன்."

"நாளைக்குக் கடலையே மூடியிருப்பாங்க சார். புயல் கன்ட்ரோல் ரூமுக்காவது..."

"பேசியாச்சு. அவங்க கப்பலெல்லாம் நிக்கோபார் பக்கம் நிக்குதாம். நம்ம போட்டுதான் போகணுமாம். போ, ஜோஸ்வாவுக்குத் தைரியம் சொல்லு. நீ வேற அழுது வைக்காதே."

செல்போன் சிக்னல் காலையிலிருந்தே செத்துக் கிடந்தது. அப்படியிருக்க இவர் எப்போது பேசினார், யாரிடம் பேசினார் என்று கேட்கச் சுபிதாவுக்குத் தோன்றவில்லை. அவள் மூளை முழுக்க அந்த முத்துதான் உருண்டுகொண்டிருந்தது. சோற்றுப் பருக்கை அளவு முத்து. அதன் பின்னால் ஆறு உயிர்.

தடதடவென்று படியேறி வந்தார் முனியாண்டி. ராமநாதபுரத்துக்காரர். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"தாயி, அய்யா என்னங்குறாரு? ஹவா தேஜ் ஆகுது, காத்து ஏறுது. இன்னும் கொஞ்ச நேரம் போனா நானே போக மாட்டேன்னுருவேன்."

"சந்திராஷ்டமம்னுதாரு முனி அண்ணே."

முனியாண்டி கண்ணாடித் தடுப்பைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "அய்யா ராசிதான் தாயி எனக்கும். அதுக்காகத்தானே அய்யா என்னைய போட்டுல வச்சிருக்காரு. எனக்கு ஒண்ணும் தோணல, நல்லாத்தான் இருக்கேன். ஆனா அய்யா நேரங்கெட்ட நேரத்துல போட்ட எடுத்து நாளைக்கு ஒண்ணுன்னா, முனியாண்டியாலதான்னு ஆகிப்போகும். அய்யா வாயால ஒரு வார்த்தை வாங்கிக் குடு. பறந்துர்றேன்."

அவர் இறங்கிப் போனார்.

ஒரு வார்த்தை. அதற்கு நிலா நகர வேண்டும்.

நகர்த்தினால் என்ன?

சுபிதா கண்ணாடித் தடுப்பு வழியாக அந்த மணிக்கட்டைப் பார்த்தாள். கடிகாரத்தைக் கொண்டுவந்து கொடுத்த சென்னை ஏஜென்ட் செய்துகாட்டியபோது டீ கொண்டுபோய் வைத்தவள் அவள்தான். விளிம்பில் ஒரு சின்னக் குழி. குழிக்குள் ஒரு பொத்தான். மெல்லிய குச்சியால் ஒரு தடவை அழுத்தினால் நிலா ஒரு நாள் முன்னே போகும். இரண்டு மூன்று அழுத்து. தேளைத் தாண்டிவிடும். பிறகு 'சார், நிலா வெளிய வந்துருச்சு போல, பாருங்களேன்' என்று சாதாரணமாகச் சொன்னால் போதும்.

கீழே டீக்கடை அங்கம்மாவிடமிருந்து இட்லி வந்தது. ஜெகநாதன் வழக்கம்போல வாட்ச்சைக் கழற்றி அதன் பெட்டியில் வைத்தார். முதலைத்தோல் வாரில் சாம்பார் படக்கூடாது. சாப்பிட்டு முடித்ததும் கை கழுவப் பின்பக்கம் போனார்.

குழாய்ச் சத்தம் கேட்டது.

சுபிதா கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். மேஜைமேல் ஒரு கிண்ணம் நிறையப் பல் குத்தும் குச்சிகள். ஒன்றை எடுத்தாள். மற்றக் கையில் கடிகாரம். நினைத்ததைவிடக் கனம். குழியைத் தேடிப் பிடித்துக் குச்சி முனையை வைத்து அழுத்தினாள்.

இறங்கவில்லை.

இன்னொரு தடவை. குச்சி வழுக்கியது.

ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். குழிக்குள் ஏதோ வெளுப்பாக அடைத்துக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினாள். மரச் சிலும்பு.

பல் குத்தும் குச்சியின் உடைந்த முனை.

சுபிதா தன் கையிலிருந்த குச்சியைப் பார்த்தாள். அதன் முனை முழுசாக இருந்தது. அவளுக்கு முன்பே யாரோ இந்த நிலாவைத் தள்ளியிருக்கிறார்கள்! இந்தக் கடிகாரத்தை இன்னொருவர் தொட்டு அவள் பார்த்ததே இல்லை.

முத்தைப் பார்த்தாள். இப்போதுதான் உண்மையிலேயே பார்த்தாள். தேளின் முதுகில், கறுப்பே தெரியாமல் முழு வெள்ளையாக இருந்தது. பௌர்ணமி.

பௌர்ணமியா?

மேகம் மூடுவதற்கு முன்னால், முந்தாநாள் சாயங்காலம் ஜெட்டியில் நின்று அவளே பார்த்தாளே. மலைக்கு மேலே, வெட்டிப் போட்ட நகம் மாதிரி ஒரு பிறை. 'மூணாம் பிறை, கும்பிட்டுக்கோ' என்று அங்கம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாளே. அந்தப் பிறை இரண்டு நாளில் பௌர்ணமி ஆகுமா?

குழாய்ச் சத்தம் நின்றிருந்தது.

"வச்சிரும்மா அதை."

ஜெகநாதன் துண்டால் கை துடைத்தபடி நின்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

சுபிதா பின்னால் நகர்ந்தாள். கண்ணாடிக் கதவைத் தாண்டித் தன் மேஜைக்கு வந்தாள். அவர் அவளைத் துரத்தவில்லை. நேராக வாசலுக்குப் போய் ஆபீஸ் கதவைச் சாத்தினார், பூட்டினார், சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இப்ப குடு."

"நீங்களே தள்ளியிருக்கீங்க சார்."

"என்னத்த?"

"நிலாவ. குச்சி முனை உள்ள ஒடைஞ்சு கெடக்கு."

ஜெகநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கொட்டாவியை அடக்குகிறவர் போல முகத்தைத் தேய்த்தார்.

"சரி, தள்ளினேன். தெரிஞ்சுபோச்சுல்ல? இப்ப நான் சொல்றதக் கேளு. பார்ஜுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு. புயல்ல போனா முழுசா தருவான். ஆனா ஆளில்லாம கைவிட்டுட்டு வந்தோம்னு தெரிஞ்சா, கம்பெனிக்காரன் கையை விரிச்சிருவான். பார்ஜு, கிரேனு ரெண்டும் போனா நான் நடுரோடு. ஆள் மேல இருக்கணும். அவ்வளவுதான் விஷயம்."

"ஆள் செத்தா?"

"அரே, ஏன் சாகணும்? ஜோஸ்வா கடல்காரன் புள்ள. லைஃப் ஜாக்கெட் இருக்கு. ஒரு ராத்திரி தாக்குப்பிடிச்சா முடிஞ்சு போச்சு. இதை முனியாண்டிகிட்ட சொல்ல முடியுமா? ஊரைக் கூட்டிருவான். சந்திராஷ்டமம்னு சொன்னா ஒரு பய எதிர்த்துப் பேச மாட்டான்."

"கன்ட்ரோல் ரூம்ல..."

"சைட்ல எல்லாரும் பத்திரம்னு நேத்தே சொல்லியாச்சு."

காலை முழுக்க அவள் ஒரு மனிதரின் பயத்தோடு போராடிக்கொண்டிருந்தாள். அங்கே பயம் என்று ஒன்று இல்லவே இல்லை. அவள் முட்டிக்கொண்டிருந்த கதவு, சுவரில் வரைந்த கதவு.

அவர் எழுந்தார். "குடும்மா. இல்லேன்னா வாட்ச்சை நீ திருடிட்டேன்னு போலீஸ்ல சொல்லுவேன். உன் கையிலதான் இருக்கு. உன் ரேகைதான் இருக்கு."

அவர் ஒரு அடி வைத்தார். சுபிதாவுக்குப் பின்னால் சுவர். வலப்பக்கம் ஜன்னல். இடப்பக்கம் வயர்லெஸ். வாசல் பூட்டியிருந்தது.

ஜன்னல் கொக்கியை முழங்கையால் தட்டினாள். காற்று கதவைப் பிடுங்கிச் சுவரில் அறைந்தது. மழை முகத்தில் அடித்தது. சுபிதா வலது கையை வெளியே நீட்டினாள். நேர் கீழே ஜெட்டித் தண்ணீர், கறுப்பாக, எண்ணெய் மிதக்கக் கொதித்துக்கொண்டிருந்தது. முதலை வாரின் நுனியை இரண்டே விரல்களில் பிடித்திருந்தாள்.

"கிட்ட வந்தீங்கன்னா விட்டுருவேன்."

ஜெகநாதன் நின்றார். பொம்மலாட்டக்காரன் நூலை இறுக்கியது போல நின்றார்.

"சுபிதா... விளையாடாதே. அது என்னன்னு தெரியுமா உனக்கு?"

"நிலா தப்பா காட்டுத வாட்ச்சு."

இடது கையால் மைக்கை எடுத்தாள். பெருவிரலைப் பொத்தானில் வைத்தாள். அழுத்தினாள்.

"முனி அண்ணே! முனி அண்ணே, கேக்கா? ஓவர்."

ஒரே இரைச்சல். பிறகு, "சொல்லு தாயி."

"உங்களுக்குச் சந்திராஷ்டமம் எப்ப வந்துச்சு?"

"என்னது?"

"சந்திராஷ்டமம்! எப்ப வந்துச்சு உங்களுக்கு?"

"அது... விசாகத்தோடயே போச்சே தாயி! வைகாசி விசாகத்துக்குக் காவடி தூக்குறேன்னேன். சந்திராஷ்டமமா இருக்கு, வாய வச்சுக்கிட்டு வீட்ல கெடன்னுட்டா எம் பொஞ்சாதி. நல்லா ஞாபகம் இருக்கு. அன்னைக்குப் பௌர்ணமி வெள்ளம் ஜெட்டி மேலயே ஏறுச்சுல்ல?"

"அது முடிஞ்சு ரெண்டு வாரம் தாண்டிட்டு. ஒங்க ராசிதானே அய்யாவுக்கும்?"

"ஆமா... அதே மேஷம்தான்."

"பெறவு ஏன் காலைல தலைய ஆட்டுனீங்க?"

"அய்யாவுது வெளிநாட்டு வாட்ச்சு தாயி." முனியாண்டியின் குரல் இறங்கியது. "எங்கூட்டுக் காலண்டர் வங்காளி மளிகைக் கடையில ஓசியா குடுத்தது. அதுதான் தப்பா இருக்கும்னு நெனச்சேன்."

"காலண்டர் சரிதான் அண்ணே. வாட்ச்சுலதான் குச்சிய விட்டு நிலாவத் தள்ளி வச்சிருக்காரு. பார்ஜுல ஆள் இருந்தாத்தான் இன்ஷூரன்ஸ் வருமாம். இப்ப அவரு வாயாலயே சொன்னாரு. இந்தா எதுக்கவே நிக்காரு."

"முனியாண்டி!" ஜெகநாதன் மைக்கை நோக்கிக் கத்தினார். "கயிறை அவுத்தே, இந்த ஜென்மத்துல உனக்குப் போட்டு கிடையாது. கேக்குதா?"

வயர்லெஸ் கரகரத்தது.

"சரியா கேக்கலங்கய்யா. மழை."

கீழே எஞ்சின் உறுமியது. சுபிதா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் விரல் தளர்ந்துவிடும். கயிறு தண்ணீரில் விழுகிற சத்தமும், யாரோ 'சலோ, சலோ' என்று கத்துவதும் மட்டும் கேட்டன. பிறகு முனியாண்டி மறுபடியும் வந்தார். இந்த முறை எல்லாக் கப்பலும் கேட்கிற பதினாறாம் சேனலில். தெற்குத் தீவுப் பார்ஜில் ஆறு பேர், சங்கிலி அறுகிற நிலை, நான் போய்க்கொண்டிருக்கிறேன் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் மூன்று தடவை சொன்னார்.

ஜெகநாதன் நாற்காலியில் சரிந்தார்.

"போயிட்டான்ல. இப்பவாவது உள்ள எடு."

"அண்ணன் குரல் கேக்கட்டும்."

கேட்பதற்கு நெடுநேரம் ஆயிற்று. துறைமுகத்தில் கூண்டு ஏறியது. நனைந்த தோள் விறைத்து, கை தன்னுடையதுதானா என்கிற சந்தேகம் வந்தது. கையை மாற்றலாம்தான். மாற்றுகிற அந்த நொடியில் அவர் பாய்ந்துவிடுவார். அவர் ஒரு தடவை கெஞ்சினார், சம்பளத்தைக் கூட்டுகிறேன் என்றார், பிறகு அவள் குடும்பத்தையே திட்டினார். அவள் கையை உள்ளே எடுக்கவில்லை. பூட்டிய கதவுக்கும் திறந்த ஜன்னலுக்கும் நடுவே இருவரும் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஓடிக்கொண்டிருந்தது. மழையிலும் நிற்காமல்.

"சுபி... ஏ சுபி!"

அவள் மைக்கைக் கீழே போடப் பார்த்தாள்.

"ஏறிட்டோம்ட்டீ. ஆறு பேரும் போட்டுல இருக்கோம். நாங்க ஏறி கொஞ்ச நேரத்துல சங்கிலி போச்சு. பார்ஜு பாறை மேல கெடக்கு. இனி திரும்பி வர முடியாது, பக்கத்துத் தீவு ஓடைக்குள்ள ஒதுங்கப் போறோம். முனி அண்ணன் சாமி பாட்டாப் பாடி உசுர வாங்குதாரு. நீ எங்க இருக்க?"

"ஆபீஸ்லதான்."

கையை உள்ளே இழுத்தாள். கடிகாரத்தை மேஜைமேல் வைத்தாள். முதலை வார் ஊறி, வதங்கிய வாழைச்சருகு போலிருந்தது.

ஜெகநாதன் அதை எடுத்தார். பார்ஜைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மேஜையிலிருந்து குண்டூசி எடுத்துக் குழிக்குள் குத்தினார். சிலும்பு இன்னும் உள்ளே போனது. இன்னொரு ஊசி. முத்து முழு வெள்ளையாகத் தேளின் முதுகிலேயே இருந்தது.

சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பூட்டுக்கு அருகில் கொண்டுபோனவர் நிறுத்திவிட்டார்.

"சுபிதா." குரல் மாறியிருந்தது. "இன்னைக்கு உண்மையில என்ன நட்சத்திரம்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஊருக்காகச் சொன்னது வேற. நான் பயப்படுறவன்தாம்மா. இது வந்ததுலேர்ந்து இதைப் பாக்காம நான் படி தாண்டினது இல்ல. குச்சியால எத்தனை தடவை தள்ளினேன்னு எண்ணல. இப்ப நிலா எங்க நிக்குதுன்னே எனக்குத் தெரியல." பூட்டைப் பார்த்தார். "வெளிய போலீஸ் வருமா, இன்ஷூரன்ஸ்காரன் வருவானா... எந்த நேரத்துல கதவைத் திறக்குறேன்னு தெரிய வேணாமா?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? எங்க வீட்டுக் காலண்டர்ல அந்தோணியார் திருநாள்தான் போட்டிருக்கு."

"யாரையாவது கேளேன்."

சுபிதா ஜன்னல் வழியாகக் குனிந்தாள். கீழே டீக்கடைத் தார்ப்பாய் காற்றில் படபடத்தது.

"அங்கம்மாக்கா! ஒங்க கடைக் காலண்டர்ல இன்னைக்கு என்ன நட்சத்திரம்?"

தார்ப்பாய்க்கு அடியிலிருந்து அங்கம்மா தலையை நீட்டினாள். "என்னாது?"

"நட்சத்திரம்க்கா! இன்னைக்கு!"

"அட போம்மா, புயல் அடிக்குது, நட்சத்திரம் கேக்குறா! நாலு நாளா தாளே கிழிக்கல. மழையில நனைஞ்சு மொத்தமா ஒட்டிக்கிச்சு!"

ஜெகநாதனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். கதவில் முதுகைச் சாய்த்து அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

சுபிதா அவரிடம் போனாள். விரல்களைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. சாவி தானாகவே அவள் கைக்கு வந்தது.

"கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க சார்," என்றாள். "கதவு உள்பக்கமா தொறக்கும்."